வளைந்த கெனோபி கட்ட நினைப்பவர்கள் சுங்கை சிப்புட்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எங்கள் வரைபட அலுவலகம் இருக்கிறது. மூன்று கணினி, பின்கட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. ஊரைச் சுற்றி பால்மரமும் செம்பனையும். எங்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கோயில் நிர்வாகத்தார், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், மண்டபம் வைத்திருப்போர். கைப்பேசியில் எங்கோ ஒரு விமான நிலையத்தின் வளைந்த கூரைப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். சுவரில்லாமல் தூண்களின்மேல் நிற்கும் இப்படிப்பட்ட கூரையைத்தான் கெனோபி என்கிறோம். அதற்குப் பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சாதாரணக் கொட்டகை போட்டா போதாதா தம்பி?"

பல இடங்களில் போதும். அன்னதானம் சமைக்கும் இடத்துக்கும் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நான் கொட்டகையையே சொல்வேன். நடுவில் தூண் நிற்கக் கூடாது, தேர் உள்ளே திரும்ப வேண்டும், கோபுரம் மறையக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் சேர்ந்து வரும்போதுதான் வளைந்த கெனோபியைப் பற்றிப் பேச வேண்டும்.

"வளைவெல்லாம் அழகுக்குத்தானே?"

இல்லை. கீழே விழுந்து கிடக்கும் செம்பனை மட்டையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தகடாக இருந்தால் அந்த ஓலைப் பாரத்துக்கு அது எப்போதோ தொங்கியிருக்கும். வாய்க்கால் போல மடிந்திருப்பதால்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கோலாலம்பூரில் 1965-இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலின் கூரை விரித்த குடை போல மடித்த கான்கிரீட். அந்த மடிப்புகள்தாம் அதற்குப் பலம். கிஷோ குரோகாவா வடிவமைத்து 1998-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் தலைக்கு மேலே தெரிவது குதிரைச் சேணம் போன்ற கூரை.

இந்தச் சேண வடிவத்தில் எனக்குத் தனிப் பிரியம். ஒரு திசையில் மேலே வளையும், குறுக்குத் திசையில் கீழே வளையும். காற்று தூக்கினால் ஒரு வளைவு இழுத்துப் பிடிக்கும், பாரம் அழுத்தினால் மற்றது பிடிக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு நேர்க் குழாய்களை ஒன்றுக்கொன்று மாறுபட்ட சாய்வில் எதிரெதிரே நிறுத்துங்கள். இரண்டையும் சம பங்குகளாகப் பிரித்து, முதல் புள்ளிக்கு முதல் புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று நேர்க் குழாய்களால் இணைத்துக்கொண்டே வந்தால் சேணப் பரப்பு தானாக வந்துவிடும். ஒரு குழாயைக்கூட வளைக்க வேண்டியதில்லை. சின்னப் பட்டறை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம்.

"எந்த சாஃப்ட்வேரில் வரைகிறீர்கள்? ஆட்டோகேட் போதுமா?"

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. அனுமதி வரைபடம், தளத் திட்டம், வெட்டுத் தோற்றம் எல்லாவற்றுக்கும் இன்றும் அதுதான் எங்கள் கை. வளைந்த பரப்பு என்று வந்தால் ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளுக்குப் போகிறோம். அதனுள் இருக்கும் கிராஸ்ஹாப்பரில் கோடு வரைவதற்குப் பதிலாக விதி எழுதலாம். "தூணின் உயரம் இவ்வளவு, விளிம்பு இவ்வளவு உயர வேண்டும், குழாய்களுக்கிடையே 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது" என்று கொடுத்தால் வடிவம் தானாக வரும். நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் "தேர் உசரம் இன்னும் ஒரு முழம் கூடும்" என்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும், நூற்றுக்கணக்கான குழாய்களின் நீளம் கூடவே மாறும். முன்பெல்லாம் அந்த ஒரு முழத்துக்கு ஒரு வாரம் உட்கார்ந்து திரும்ப வரைவோம்.

எது எவ்வளவு தாங்கும் என்ற கணக்குக்கு ஸ்டாட் புரோ. போல்ட் துளை வரை விவரமான இரும்பு வேலைக்கு டெக்லா. பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவசமான ஃப்ரீகேட் இருக்கிறது. கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

"வடிவத்தைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் என்கிறார்களே, எப்படி?"

சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தன் வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் நல்ல வளைவு கிடைக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் சொன்னார். ஸ்பெயினில் கௌடி, கயிற்றில் சிறு மூட்டைகளைத் தொங்கவிட்டுத் தேவாலயத்துக்கு வடிவம் தேடினார். ஜெர்மனியில் ஃப்ரை ஓட்டோ கம்பி வளையத்தைச் சவர்க்கார நீரில் தோய்த்து எடுத்தார். அதில் படியும் ஏடு எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுவிசையில் இருக்கும். துணிக் கூரைக்கு வேண்டியதும் அதுதான். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரை அந்த வழியில் வந்தது. அவ்வளவு பெரிய கூரைக்கு மாதிரியை மட்டும் அளந்தால் துல்லியம் போதவில்லை. அது இரும்புவட வலைக் கூரை. அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சையும் கணக்கால் நிலைநிறுத்தும் முறையை கிளவுஸ் லிங்க்விட்ஸும் ஷெக்கும் அந்தக் காலத்தில்தான் உருவாக்கினார்கள். இன்று கிராஸ்ஹாப்பருக்குள் இருக்கும் கங்காரு என்ற கருவியில் நான் ஒரு வலையைத் தட்டிவிட்டால், சங்கிலி அடங்குவது போல அதுவும் ஆடி அடங்கி ஓர் இடத்தில் நிற்கிறது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

ஆனால் வலையை எங்கே கட்ட வேண்டும், எந்தக் கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்கிறோம்.

"கணக்கு சாஃப்ட்வேரில் எல்லாம் பச்சையா வந்துடுச்சுன்னா பயமில்லைதானே?"

பச்சை என்றால் 'தாங்கும்' என்று மென்பொருள் சொல்வது. இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஓர் அரங்கம் இருந்தது. அதன் கூரை இரும்புக் கம்பிகளாலான பெரிய முப்பரிமாணச் சட்டகம். ஏறத்தாழ 1,400 டன் எடை. 1970-களின் தொடக்கத்தில் கணினியின் துணையோடு வடிவமைத்தார்கள். கட்டும்போதே கூரை கணக்கில் சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தொய்ந்தது. கவலைப்பட்டுச் சொன்னவர்களுக்கு, கணக்குக்கும் நடைமுறைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் கிடைத்தது. 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனிப் பாரத்தில் கூரை முழுவதும் தரைக்கு வந்தது. சில மணி நேரத்துக்கு முன் அங்கே சுமார் 5,000 பேர் கூடைப்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

காரணம் என்ன? மேலடுக்குக் கம்பிகள் நடுவிலும் பக்கவாட்டில் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணினியிடம் சொல்லியிருந்தார்கள். ஓரக் கம்பிகளுக்கு உண்மையில் அந்தப் பிடிப்பு இல்லை. மெல்லிய கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன் வில்லாக வளைந்துவிடும். பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் அது தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கணக்கு இது. கணினி பொய் சொல்லவில்லை. நடுவில் பிடித்த கம்பியைப் பற்றிக் கேட்டார்கள், நடுவில் பிடித்த கம்பிக்கு அது சரியாகப் பதில் சொன்னது.

நம் நாட்டிலும் நடந்தது. கோல திரங்கானுவில் சுல்தான் மிசான் சைனல் அபிடின் அரங்கின் கூரையில் ஒரு பகுதி, திறந்து ஓராண்டு கடந்த கொஞ்ச நாளில், 2009 ஜூன் 2-ஆம் தேதி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வடிவமைப்பிலும் கட்டிய முறையிலும் குறைகள் இருந்ததாக விசாரணையில் சொன்னார்கள்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரையில் பச்சை வந்த பிறகு, அதே கெனோபியின் ஒரே ஒரு குழாயை எடுத்துத் தாளில் பேனாவால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூணின் அடியில் போல்ட் எப்படிப் பிடிக்கிறது, அதை மென்பொருளில் எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். கெனோபி ஏறிய பிறகு நுனி எவ்வளவு தொய்கிறது என்று அளந்து கணக்கோடு ஒப்பிடுவோம். அதிகமாகத் தொய்ந்தால் காரணம் தெரியும்வரை கீழே யாரையும் உட்கார விடுவதில்லை.

"நமக்குத்தான் பனியும் கிடையாது, சூறாவளியும் கிடையாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய அடித்தளம்?"

சூறாவளி இல்லைதான். மாலை இடிமழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, செம்பனைத் தோப்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாயுமே, நம் கூரைகளைத் தூக்குவது அதுதான். மலேசியாவின் காற்றுத் தரநிலையான எம்எஸ் 1553:2002, நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்து, அடிப்படைக் காற்று வேகத்தை வினாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்று வகுத்திருக்கிறது. அதில் பெரியதை எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 70 கிலோ அழுத்தம்.

சுவர் இருக்கும் வீட்டுக்குக் காற்று பக்கத்தில் மோதும். நாற்புறமும் திறந்த கெனோபிக்கு அடியில் புகுந்து மேலே தள்ளும், மேலே ஓடும் காற்றும் சேர்ந்து உறிஞ்சும். கோயில் முன்வாசலில் 12 மீட்டருக்கு 9 மீட்டர் கெனோபி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 108 சதுர மீட்டர். வடிவத்துக்கான கெழுவை (வடிவத்துக்கேற்பக் காற்றழுத்தத்தைப் பெருக்கும் எண்ணை) 1 என்று எளிதாக எடுத்தாலும் மேல்நோக்கிய விசை ஏறத்தாழ 7.6 டன். தகடும் குழாயும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 25 கிலோ என்றால் கூரையின் சொந்த எடை 2.7 டன். பாதுகாப்புக்காகக் காற்றை 1.4 மடங்காகக் கூட்டி, சொந்த எடையில் பத்தில் ஒன்றைக் கழித்தால் மிச்சம் 8 டன்னுக்கும் மேல் வானத்தைப் பார்த்து இழுக்கிறது. நான்கு தூண் என்றால் தூணுக்கு 2 டன் சொச்சம். அதைப் பிடித்து வைக்கத் தூணுக்கு முக்கால் கன மீட்டருக்கும் கூடுதலாகக் கான்கிரீட் வேண்டும்.

பழைய எஸ்டேட் நிலத்தில் இன்னொரு சிக்கல். வடிகால் ஓரமாக இருந்தால் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். தண்ணீருக்குள் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் எடை இழக்கிறது, 2.4 டன்னாக இருந்தது 1.4 டன்னாகும். அப்போது தூணுக்கு ஒன்றரை கன மீட்டர் வரை போக வேண்டும். மண்ணுக்குள் போகும் இந்தக் கான்கிரீட்டுக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது, எனக்குத் தெரியும். உபயக்காரர் பெயரை அதன்மேல் எழுதவும் முடியாது. ஆனாலும் நான் அதில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"மழைத் தண்ணி எங்கே போகும்?"

வரையத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் அதே 108 சதுர மீட்டர் கெனோபியிலிருந்து வினாடிக்கு நாலரை லிட்டர் தண்ணீர் இறங்கும். சேண வடிவத்தில் அது முழுவதும் தாழ்ந்த இரண்டு மூலைகளில்தான் வந்து சேரும். அந்த மூலைகள் பக்தர்கள் செருப்பு விடும் இடமாக இருந்துவிடக் கூடாது. துணிக் கூரை சற்றுத் தொய்ந்தால் குளம் கட்டும். 10 சென்டிமீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ. எடை கூடக் கூட இன்னும் தொய்யும், இன்னும் தேங்கும். மென்பொருளில் பரப்பின் சரிவைப் படமாகப் போட்டுப் பார்த்தால் தட்டையான இடங்கள் தெரிந்துவிடும்.

"துணி நல்லதா, தகடு நல்லதா?"

யாகசாலைக்கும் தீமிதிக் குழிக்கும் பக்கத்தில் துணி வேண்டாம். புகை படிந்து கறுக்கும், பொறி பட்டால் ஓட்டை விழும். பள்ளிச் சபைகூடலுக்கு, விளையாட்டுத் திடலின் மேடைக்குத் துணி அருமையாக இருக்கும். பாலியெஸ்டர் மேல் பிவிசி பூசியது விலை குறைவு, கண்ணாடி இழைமேல் பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூசியது விலை கூட, ஆயுளும் கூட. தகட்டில் மழைச் சத்தம் பெரிது, உறுமி மேளத்தையே அமுக்கிவிடும். வெயிலில் நீளவும் செய்யும். 30 மீட்டர் நீள நடைபாதைக் கூரை 30 பாகை சூடேறினால் இரும்பு 11 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டு ஒரு முனையில் நீள்துளை வைக்காவிட்டால் போல்ட்டுதான் அடி வாங்கும்.

"பழைய பிளான் இருக்கே, மறுபடி ஏன் அளக்கணும்?"

இதற்கு எங்கள் சொந்த அனுபவமே பதில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலுக்கு, கொடுத்த பழைய வரைபடத்தை நம்பிக் கணினியில் மாதிரியைக் கட்டினோம். நாடா பிடித்து இரண்டு இடத்தில் மட்டும் சரிபார்த்தோம். குழாய்கள் எல்லாம் வெட்டி, துத்தநாகம் பூசி, லாரியில் போய் இறங்கின. மூன்று தூணில் அடித்தகடு உட்கார்ந்தது. நான்காவதில் துளையும் போல்ட்டும் 40 மில்லிமீட்டர் விலகி நின்றன. மகாமண்டபம் வரைபடத்தில் செங்கோணம், நிலத்தில் அப்படி இல்லை. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. தகட்டைப் புதிதாகச் செய்து, பூச்சை மறுபடி போட்டு, பக்தர்கள் வெயிலில் நின்றதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. இப்போது அளவைக் கருவியை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு தூணையும், தளத்தின் மேடுபள்ளத்தையும், கோபுரத்தின் விளிம்பையும் புள்ளிகளாக எடுத்துத்தான் திரையில் முதல் கோடு போடுகிறோம்.

"திரையில் இருப்பது பட்டறைக்கு எப்படிப் போகும்?"

2000-ஆம் ஆண்டு திறந்த லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியக முற்றத்தின் கூரையில் 3,312 கண்ணாடிகள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. நம் ஊர்க் கெனோபியில் 60 குழாய் இருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும், எந்த முனை எந்த முடிச்சுக்குப் போகிறது என்ற குறி வேண்டும். குழாயோடு குழாய் சேரும் மீன்வாய் வெட்டுக்கு, விரித்த வடிவத்தை உண்மை அளவிலேயே தாளில் அச்சடித்து, குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டச் சொல்கிறோம். எங்கள் வெல்டர் அண்ணன் நாற்பது வருட அனுபவசாலி. அவர் மாதிரியைப் பார்த்து "இந்த இடத்துல என் கை நுழையாது" என்றால் அந்த இணைப்பை மாற்றிவிடுவோம். எந்த மென்பொருளும் அதைச் சொன்னதில்லை.

கடையில் குழாய் 6 மீட்டரில் வரும், அதனால் எங்கே ஒட்டுப் போடுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். சூடான துத்தநாகத் தொட்டிக்குப் போகும் குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, 450 பாகை சூட்டில் குழாய் வெடிக்கும், ஆள் சாகலாம். காற்றுத் துளையை வரைபடத்திலேயே காட்டுங்கள், வாய்ச் சொல்லில் விடாதீர்கள்.

"தூக்கி நிறுத்துவது?"

முழுக் கெனோபியாக நிற்கும்போது பலமாக இருப்பது, பாதி ஏறிய நிலையில் அப்படி இருக்காது. எந்தத் துண்டு முதலில், எங்கே முட்டுக் கொடுப்பது, அந்த முட்டுகளை எப்போது எடுப்பது என்று ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். கிரேன் நிற்கும் இடத்தில் மண் கெட்டியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்டேட் திடல் மழைக்குப் பின் களிமண்.

"அனுமதி வாங்கணுமா? கோயில் நிலம்தானே?"

வாங்க வேண்டும். சுங்கை சிப்புட் கோல கங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் கோயில் நிலத்துக்கும் பொருந்தும். கணக்கில் கையெழுத்திட வேண்டியவர் 1967-ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டப்படி பதிந்து தொழில்புரியும் சான்றிதழ் பெற்ற பொறியாளர். பெயருக்கு முன் 'இர்.' என்று இருக்கும். நான் வரைபவன், கையெழுத்து என்னுடையது அல்ல, அப்படி நான் போடவும் மாட்டேன். அவரை முதல் நாளே கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்தபின் முத்திரை கேட்டுப் போவது அவரையும் சங்கடப்படுத்தும்.

"எங்கே செலவைக் குறைக்கலாம்?"

ஒரே நீளக் குழாய்கள் அதிகம் வருமாறு வடிவத்தைச் சற்று மாற்றலாம். கிராஸ்ஹாப்பர் அதற்கே நல்லது. வளைத்த குழாய்க்குப் பதில் நேர்க் குழாய். தட்டையான நாற்கோணத் தகடுகளாகப் பரப்பைப் பிரிக்க முடிந்தால் முறுக்கும் வேலை மிச்சம். வண்ண விளக்கைக் குறையுங்கள். அடித்தளத்தில், பூச்சில், பொறியாளர் கட்டணத்தில் கைவைக்க வேண்டாம்.

"என் மகள் ஐந்தாம் படிவம் முடிச்சிட்டா அண்ணே. இந்த வேலைக்கு வரலாமா?"

வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டுமானப் பொறியியல் டிப்ளோமா நல்ல தொடக்கம். அதுவரை வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். நீளக் குச்சி இரண்டை ஒன்றுக்கொன்று மாறுபட்ட சாய்வில் எதிரெதிரே நிறுத்தி, பத்துப் பத்துப் பங்காகக் குறியிட்டு, சத்தே குச்சிகளை நூலால் கட்டி இணைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வடிவத்தை ஃப்ரீகேட்டில் வரையட்டும். ஒவ்வொரு குச்சியின் நீளத்தையும் திரையில் அளந்து, கையில் உள்ளதோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதட்டும். எங்கெல்லாம் வித்தியாசம் வருகிறது, ஏன் வருகிறது என்று அவளுக்குத் தோன்றுவதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். குச்சி மாதிரியையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு கணினி அவளுக்காகக் காலியாக இருக்கும்.